படத்தில் இல்லாத வளைவு

அந்தச் சுவரை இப்போது பார்த்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. கேட்டின் வலது தூணில் ஆரம்பித்து, தூங்குமூஞ்சி மரத்தைத் தாண்டி, முனை வரைக்கும் நேராகப் போகிறது. நூல் பிடித்தவன் நான்தான். கல்லுக்குக் கல் சந்து ஒரே அளவு, சுண்ணாம்புச் சாந்து எங்கும் பிதுங்கவில்லை, தூக்குக்குண்டு விட்டால் மயிரிழை விலகாது. முப்பது வருஷக் கொத்து வேலையில் இவ்வளவு சுத்தமாக நான் ஒரு சுவர் கட்டியதில்லை. அந்த ரோட்டில் பஸ்ஸில் போக வேண்டி வந்தால் நான் எதிர்ப்பக்கத்து ஜன்னல் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறந்தது ஸ்ரீராம்புரம், கல்யாணத்துக்கு அப்புறம் ஜீவனஹள்ளி. பேப்பரும் வாரப் பத்திரிகையும் படித்துப் படித்துத் தமிழ் தடையில்லாமல் எழுத வரும். கன்னடத்தில் போர்டு படிப்பேன். இங்கிலீஷில் எண்ணும் அளவும் தெரியும், அதற்கு மேல் கேட்டால் தலையை ஆட்டிவிடுவேன். சாரத்தில் நின்றாலும் பயம், இறங்கினாலும் பயம். கயிறு முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்துத்தான் ஆளை ஏற்றுவேன். வீட்டுப் பூட்டைப் பூட்டினேனா என்று பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்ததும் உண்டு. என் வீட்டுக்காரி விருந்தாளிகளிடம் சொல்லுவாள், "இவுரு தாலி கட்டும்போதே மூணு முடிச்சும் சரியா உழுந்துச்சான்னு திருப்பிப் பாத்தவரு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அது நடந்ததுதான்.

அந்தக் கட்டடம் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கன்டோன்மென்ட் காலத்துப் பங்களா. மங்களூர் ஓடு, ஜன்னலுக்கு மேலே கூர்மையான மரத்தொப்பி, சுற்றிலும் கருங்கல் காம்பவுண்டு. இப்போது அதில் ஒரு ஆபீஸ் நடக்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று கேட்டுப் பக்கத்தில் ஒரு நீலப் போர்டு. ஆணி அடிப்பதென்றாலும் கமிட்டியைக் கேட்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், கேட்டு குதிரை வண்டிக்காகக் கட்டியது. தீயணைப்பு வண்டி உள்ளே போகாது. அதைச் சரி செய்யாவிட்டால் ஆபீஸை அங்கே நடத்தக் கூடாது என்று நோட்டீஸ் வந்துவிட்டது. அதனால் வலது தூணைக் கல் கல்லாகப் பிரித்து, ஆறடி தள்ளி அதே மாதிரி நிறுத்துவது. அதோடு, மரத்தின் வேர் தூக்கிச் சாய்த்து வைத்திருந்த முப்பதடிச் சுவரைப் பிரித்து அதே கல்லால் திரும்பக் கட்டுவது. வேலை இவ்வளவுதான். கான்டிராக்டர் ஒரு கன்னடக்காரர், பத்து வருஷமாக நான் அவரிடம்தான் மேஸ்திரி.

படம் போட வந்தது ஒரு பெண். பழைய கட்டடங்களுக்கென்றே படித்த ஆர்கிடெக்ட். மல்லேஸ்வரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. என்னோடு தமிழ், கான்டிராக்டரோடு கன்னடம், போனில் இங்கிலீஷ் என்று மூச்சு விடாமல் மாறுவார். நான் அவரை மேடம் என்பேன். என் மகள் வயதுதான் இருக்கும், என்னை ஒரு நாளும் நீ என்று சொன்னதில்லை. அவர்தான் விளக்கினார். கமிட்டிக்கு இரண்டு படம் கொடுக்க வேண்டும். இப்போது எப்படி இருக்கிறது என்று ஒன்று, வேலை முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்று இன்னொன்று. கேட்டு அகலமாவதைத் தவிர இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு வித்தியாசமும் இருக்கக் கூடாது.

பங்களாவை அவர் பத்து நாள் தாமே அளந்தார். கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற ஒரு கருவி, அதை வைத்துக் கூரை வரைக்கும் அளந்துவிடுவார். சுவர் மட்டும் பாக்கி. உள்பக்கம் காகிதப்பூப் புதர் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது, வெளிப்பக்கம் சாக்கடை. அந்தக் கருவி அங்கே வேலைக்கு ஆகவில்லை. "நீங்க டேப் புடிச்சு அளந்து குடுங்க மேஸ்திரி, உங்க கை அளவு தப்பாது" என்றார். இன்றைக்கும் காதில் இருக்கிறது.

இப்போது அந்த வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிரிக்க வேண்டிய முப்பதடிக்கு நடுவில் சுவர் ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தது. எட்டடி அகலம், நாலடி ஆழம், அரைவட்டமாக. ஏன் அப்படி வளைந்தது என்று நான் யோசித்ததே இல்லை. பழைய சுவரென்றால் ஏதோ ஒரு கோணல் இருக்கும். அந்த வளைவுக்குள் ஒரு இஸ்திரி வண்டி நின்றது. பத்தொன்பது வருஷமாக நின்றது.

வண்டி ஒரு பெண்ணுடையது. எங்கள் ஜீவனஹள்ளிதான், இரண்டு சந்து தள்ளி வீடு. முதலில் புருஷன்தான் வண்டியைப் பார்த்துக்கொண்டான். அவன் பீன்யாவில் ஒரு கம்பெனிக்கு லோடிங் வேலைக்குப் போன பிறகு இவள் கையில் எடுத்தாள். லோடிங் வேலை ஒரு வாரம் இருக்கும், ஒரு வாரம் இருக்காது. வீட்டில் அடுப்பு எரிவது இஸ்திரிப் பெட்டியில் கரி எரிவதால்தான். சுற்றியிருந்த மூன்று அபார்ட்மென்ட்டுத் துணியும் அவளிடம்தான் வரும். மூட்டையைப் பார்த்தே எந்த வீட்டுத் துணி என்று சொல்லிவிடுவாள். என்னை அண்ணா என்பாள்.

அந்த இடத்தின் மகிமை எனக்குத் தெரியும். ஃபுட்பாத்தில் வண்டி போட்டால் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அவள் வண்டி ஃபுட்பாத்திலேயே இல்லை. சுவருக்குள் இருந்தது. நடக்கிறவனுக்கு இடைஞ்சல் இல்லை, ரோட்டுக்கும் சொந்தமில்லை, காம்பவுண்டுக்கும் சொந்தமில்லை. மேலே மரத்து நிழல், மூன்று பக்கமும் கல், மழைச் சாரல் உள்ளே வராது. ஆபீஸ்காரர்களும் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் சட்டையும் அங்கேதான் தேய்ந்தது.

நாளைக்குச் சுவரை அளக்கப் போகிறேன் என்று நான் சொன்னதுமே அவள் முகம் மாறிவிட்டது. பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அண்ணா, என்னை அதுல எழுதாத. அந்த வளைவையும் எழுதாத. இது இன்னா, இது ஏன் வளைஞ்சிருக்கு, உள்ள யாரு கீறான்னு கேப்பாங்க. அப்புறம் நான் எங்க போவேன்?"

எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. நானே அதைச் சொல்லலாம் என்று வந்திருந்தேன்.

நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். ஸ்ரீராம்புரத்தில் நான் சின்னவனாக இருந்தபோது, டேப் பிடித்த ஆள் சந்து முனையில் தலை காட்டினால் ஒரு விசில் வரும். அவ்வளவுதான். சாக்கடை மேல் போட்ட கல்படி உள்ளே போகும். வாசலுக்கு மேலே இழுத்த தகரம் இறங்கும். வெளியே இருந்த அம்மி, தண்ணீர் டிரம், கோழிக்கூண்டு எல்லாம் நடுவீட்டுக்கு வரும். எங்கள் அம்மா அடுப்பை அணைக்காமலே தூக்கி வந்து கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறாள். அளக்க வந்தவர் எழுதிக்கொண்டு போவார். அவர் போன பத்தாவது நிமிஷம் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். காகிதத்தில் நாங்கள் எப்போதும் நேராகத்தான் இருந்தோம். அளவில் வந்தது போகும், அளவில் வராதது நிற்கும். எனக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

இன்னொன்றும் இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த எந்த சைட்டிலும் படம் ஒன்றாகவும் கட்டியது ஒன்றாகவும்தான் இருக்கும். படம் பாஸாவதற்கு, கட்டுவது நம் வசதிக்கு. படத்தில் நேராக இருந்தால் என்ன, கட்டப் போவது நான். கட்டும்போது இருந்த மாதிரியே வளைத்துக் கட்டிவிடலாம். அவளிடம் அப்படித்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. பயந்தவன் ஒருத்தருக்குத் தைரியம் சொல்வது அடிக்கடி நடப்பதில்லை.

மறுநாள் காலை வண்டியை அவள் புருஷன் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனான். நானும் அவளுமாக ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வளைவின் வாய்க்குக் குறுக்கே கட்டினோம். யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, பத்துப் பன்னிரண்டு பேர் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். இந்த ஊரில் அந்த மாதிரி பேனரை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒரு மூலைக்குக் கயிறு போதவில்லை. அவள் தன் துணி மூட்டை கட்டுகிற நாடாவை அவிழ்த்துக் கொடுத்தாள்.

மேடம் ஒன்பதரைக்கு வந்தார். நான் டேப்பை நீட்டிச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். உயரம், தலைக்கல் அகலம், விரிசல் எங்கே, வேர் எங்கே. பேனருக்கு முன்னால் வந்தபோது காற்றில் அதன் ஒரு ஓரம் லேசாகத் தூக்கியது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இஸ்திரிக்காரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் என்ன என்று மேடம் கேட்டார். சுவர்தான் மேடம், கல் சரிந்திருக்கிறது, மேலே விழாமல் இருக்கக் கட்டியிருக்கிறோம் என்றேன். நேராகத்தான் போகிறதா என்று கேட்டார். நேர்தான் மேடம் என்றேன். அவர் எழுதினார். பேனரோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்தார். உள்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே புதர் மேடாகத் தெரிந்தது, அவ்வளவுதான். திங்கட்கிழமை படத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று அவருக்கு அவசரம். என்னை நம்பினார்.

அனுமதி வர மூன்று மாதம் ஆனது. பேனரை நாங்கள் அன்றைக்கு மத்தியானமே அவிழ்த்துவிட்டோம், வண்டி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அவள் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, இரண்டு சட்டை சும்மா தேய்த்துக் கொடுத்தாள். விசில் சத்தத்துக்கு எல்லாம் உள்ளே போய்த் திரும்பி வந்த மாதிரிதான் இருந்தது.

வேலை ஆரம்பித்ததும் அவள் வண்டியை நகர்த்த வேண்டியிருந்தது. எதிரில் ஒரு பேக்கரி ஓரத்தில் தற்காலிகமாக நிற்கக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். "மூணு மாசம்தான். அப்புறம் உன் எடம் உனக்கு. கட்டப் போறது நான்தானேம்மா" என்றேன்.

முதலில் தூண். அந்த வேலையை நினைத்தால் இப்போதும் கைக்கு நிறைவாக இருக்கிறது. அறுபத்துநாலு கல். ஒவ்வொன்றின் முதுகிலும் மேடம் சொன்னபடி பெயின்ட்டில் நம்பர் எழுதினோம். இறக்கிய வரிசைப்படி தரையில் படுக்க வைத்துப் போட்டோ எடுத்தோம். திரும்ப ஏற்றினபோது பழைய கீறலோடு கீறல் சேர்ந்தது. மேடம் வாரத்துக்கு இரண்டு தடவை படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருவார். சந்தின் அகலத்தை ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். ஒரு கல் கால் அங்குலம் தள்ளியிருந்ததற்கு இறக்கி ஏற்றச் சொன்னார். அப்போதுதான் இந்த சைட்டில் படமும் கட்டுவதும் ஒன்றாகவே இருக்கப் போகிறது என்று புரிய ஆரம்பித்தது. ஆனாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டேன். பூட்டைப் பார்க்க பஸ்ஸை விட்டு இறங்குகிறவன், இதற்கு இறங்கவில்லை.

சுவரைப் பிரித்தது ஒரு திங்கட்கிழமை. வளைவுக் கற்களை ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பிக் குவித்தார்கள். படத்தில் அங்கே சாதாரணச் சுவர், அதனால் நம்பர் கிடையாது. குவியலில் ஒரு கல்லைப் புரட்டினேன். முகம் உள்வாங்கிச் செதுக்கியிருந்தது. இன்னொன்றைப் புரட்டினேன், அதுவும் அப்படியே. அத்தனையும் வளைவுக்கென்றே அளவெடுத்து அடித்த கல். கீழே போனால் அஸ்திவாரக் கடக்காலும் அரைவட்டம். அதே சுண்ணாம்பு, அதே காலம். ஓர் இரும்பு வளையம் கல்லோடு ஈயம் ஊற்றிப் பதித்திருந்தது. உள்பக்கம் கயிறு உரசி உரசித் தேய்ந்து பளபளவென்று இருந்தது. குதிரையைக் கட்டித் தண்ணீர் காட்டுகிற இடம். கேட்டைக் கட்டியவனே, கேட்டுக்கு வெளியே காத்திருக்கிறவனுக்காகச் சுவரை உள்ளே தள்ளி இடம் விட்டிருக்கிறான். அது கோணல் இல்லை. அந்தக் கட்டடத்தைச் சேர்ந்தது.

அந்த இடத்திலேயே மேடத்துக்கு போன் போட்டிருக்க வேண்டும். போட்டேன். மணி அடிப்பதற்குள் நிறுத்தினேன். மறுபடி போட்டேன், நிறுத்தினேன். அவர் மைசூரில் வேறொரு வேலைக்குப் போயிருந்தார், தொந்தரவு செய்யக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பொய் சொன்னதைச் சொல்ல வேண்டுமே என்ற பயம். கான்டிராக்டர் என்னை நிறுத்திவிடுவார், இத்தனை வருஷமாக "இவன் அளவு தப்பாது" என்று நாலு பேரிடம் சொன்ன மனுஷர் நாலு பேரிடம் வேறு மாதிரி சொல்லுவார். செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த வளையத்தை லுங்கியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் சோறு இறங்கவில்லை என்று வீட்டுக்காரி கேட்டாள். வெயில் என்றேன்.

புதன்கிழமை வானம் இருட்டியது. மழை பிடித்தால் குழி நிரம்பிவிடும் என்று கான்டிராக்டர் இன்னொரு கேங்கையும் அழைத்து வந்துவிட்டார். படத்தைப் பார்த்துக் கடக்காலுக்கு அவரே நூல் கட்டினார், நேராக. மத்தியானத்துக்குள் பழைய அரைவட்டக் கடக்காலைத் தோண்டி எடுத்து, புதிய கடக்காலைப் போட்டு மூடியாகிவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். மட்டப்பலகை கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மேடம் வந்தார். குவியலைப் பார்த்தவர் நின்றுவிட்டார். ஒரு கல்லைக் கையால் தடவினார். அப்புறம் வளையத்தைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தார்.

"இது எங்கேர்ந்து வந்தது மேஸ்திரி?"

சொன்னேன். பேனரைச் சொன்னேன், இஸ்திரிக்காரியைச் சொன்னேன், என் டேப்பைச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். இதைச் சொல்லத்தான் மூன்று நாள் பயந்தேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் திட்டவில்லை. திட்டுவார் என்றுதான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"படத்துல இது இருந்திருந்தா யாராலயும் மூட முடியாது மேஸ்திரி. ஆபீஸ் கேட்டாலும் முடியாது, நான் கேட்டாலும் முடியாது. வளைவு வளைவாத்தான் இருந்தாகணும், அது சட்டம். அந்தம்மா அவங்க பாட்டுக்கு நின்னிருப்பாங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் திரும்பவும் சொன்னார், மெதுவாக.

என்னால் முடிந்தது, அவரால் முடிந்தது என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. அவர் கமிட்டிக்கு எழுதினார். வளைவு இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு வந்தது. கல்லுக்கு நம்பர் இல்லை. கடக்கால் இல்லை. இருந்த ஒரே போட்டோவில் பத்துப் பன்னிரண்டு பேர் நேராக நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். படத்தை மாற்றுவதென்றால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஆபீஸ்காரர்களுக்குத் தீயணைப்பு நோட்டீஸின் கெடு நெருங்கிவிட்டது. பாஸான படத்தின்படி முடித்துக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் பேரை மேடம் யாரிடமும் சொல்லவில்லை. கான்டிராக்டர் என்னைக் கேட்கவேயில்லை. "அளவு சரின்னு கையெழுத்துப் போட்டது நான்தானே" என்று மட்டும் ஒரு நாள் மேடம் என்னிடம் சொன்னார். என்னைத் திட்டியிருக்கலாம்.

அதனால் நானே கட்டினேன். வளைவுக் கல் நேர்ச் சுவருக்கு ஆகாது. குவாரியிலிருந்து புதுக் கல் வந்தது. மேடம் கேட்டுக்கொண்டதால் பழைய கற்களைக் காம்பவுண்டுக்குள் தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றி அரைவட்டமாகப் போட்டோம், வளையம் பதித்த கல்லை நடுவில் வைத்து. ஆபீஸ் ஆட்கள் மத்தியானத்தில் அங்கே உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறக்கிறார்கள். நல்ல இடம். நிழல் இருக்கிறது, சாரல் வராது.

சுவர் இடுப்பளவு வந்தபோது அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து ரோட்டைத் தாண்டி வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்கே வளைப்பாய் என்று கேட்கவில்லை. நேராக இருக்கிறதே என்றும் சொல்லவில்லை. பெட்டியில் கரி அணைந்துவிடும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அன்றைக்கு அவளிடம் ஏதோ சொன்னேன். மேலிடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ என்னவோ. மேடம் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

பேக்கரிக்காரர் மூன்று மாதத்துக்குத்தான் ஒத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஃபுட்பாத்தில் கொஞ்ச நாள் நின்றாள். இரண்டு தடவை வண்டியை எடுக்கச் சொன்னார்கள், மூன்றாவது தடவை சொல்லவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது வீட்டு முன்னறையில் ஒரு மேஜை போட்டுக் கரண்டுப் பெட்டியில் தேய்க்கிறாள். மூன்று அபார்ட்மென்ட்டில் ஒன்றுதான் மிச்சம். மற்ற இரண்டில், வருவதும் போவதுமாகத் துணி தூக்க உனக்கு நேரம் ஆகிறது என்று வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மூட்டையைத் தலையில் வைத்து ரயில்வே கேட்டைத் தாண்டி அவள் நடப்பதைக் காலையில் நான் வேலைக்குப் போகும்போது பார்ப்பேன். பெரிய பெண் காலேஜை விட்டுவிட்டுத் துணிக்கடைக்குப் போகிறாள் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

என் சட்டையை நான் இன்னும் அவளிடம்தான் கொடுக்கிறேன். தேவையே இல்லாத சட்டையையும் கொடுக்கிறேன். என் வீட்டில் சிரிப்பார்கள், சிமென்ட் கலக்கப் போகிறவருக்கு இஸ்திரி எதற்கு என்று. ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு சந்தைக் கடக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். ஒளிக்காமல் இருந்திருந்தால் உன்னை யாரும் அசைத்திருக்க முடியாது என்று. நான் எழுதியிருந்தால் போதும் என்று. சொன்னால் அவளுக்கு என்ன கிடைக்கும், எனக்குத்தானே பாரம் இறங்கும் என்று வாசலில் நின்று தோன்றும். அது நியாயமா, இல்லை அதுவும் என் பயம்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளாகவே பேச்சை எடுத்தாள். காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அன்னைக்கு நம்ம அந்த பேனர இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கணும்ணா. ஒரு ஓரம் காத்துல தூக்கிச்சே, அப்பதான் அந்த மேடம் பாத்துட்டாங்க. எனக்கு அப்பவே தெரியும். நாடா பத்தல."

அவள் சட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"இன்னொரு எடம் கெடைச்சுதுன்னா யார் கண்ணுலயும் படாத மாதிரி இருந்துக்கணும். அவ்ளோதான்."

"ஆமாம்மா" என்றேன்.

அவள் சட்டையை நாலாக மடித்து, ஒரு பழைய பேப்பரில் வைத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். சந்து திரும்புகிற வரைக்கும் அது கையில் சூடாக இருந்தது.